இருட்டுக் கண்ணாடி

நான் கெட்டவன் இல்லை என்று சொல்லித்தான் இதைத் தொடங்க நினைத்தேன். அப்படித் தொடங்குகிறவனை நானே நம்பமாட்டேன். ஆகவே பன்றியிலிருந்து தொடங்குகிறேன்.

என் பெயர் சிவஞானம். தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம், பெயர் பதிந்து வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு, தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குக் கீழே ஓடையோரமாகத் தேயிலை பட்டுப்போய்க் கிடந்த கால் ஏக்கரைத் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் கேட்டு வாங்கி உருளைக்கிழங்கு போட்டேன். கிழங்கு இறங்குகிற நேரத்தில் காட்டுப்பன்றி வந்தது. வேலி போட்டேன், பிடுங்கி எறிந்தது. வெடி கொளுத்தினேன், இரண்டு நாள் பொறுத்து வந்து வெடி போட்ட இடத்தையே கிண்டிவிட்டுப் போனது. டோர்ச் அடித்தால் வெளிச்சம் விழுவதற்குள் ஆளைக் காணோம். நான் கோபக்காரன். ஒரு பன்றி என்னை முட்டாளாக்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பண்டாரவளையில் ஷாஹ்மி என்று ஒருவர் பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். ஆமிக்காரர்கள் கழித்துப் போட்ட சப்பாத்து, மழைக்கோட்டு, கூடாரத் துணி எல்லாம் அங்கே கிடைக்கும். ஒரு நாள் மழைக்கோட்டு வாங்கப் போனவனிடம், இருட்டில் பார்க்கிற கண்ணாடி ஒன்று வந்திருப்பதாக அவர் மெதுவாகச் சொன்னார். எந்த நாட்டுப் பட்டாளம் பாவித்ததோ, அவருக்கே தெரியாது. கடையின் பின்னறைக்குக் கூட்டிப்போய்க் கதவை மூடினார். ஒரு கண்ணால் பார்க்கிற குழல். பெட்டரி போடுகிற இடத்தில் துரு. கண்ணில் வைக்கிற ரப்பர் வெடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. பொத்தானை அமத்தியதும் கொசு மாதிரி ஒரு ரீங்காரம் கேட்டது. பிறகு பச்சை நிறத்தில் மூட்டைகள், கயிறு, சுவரில் ஓடுகிற கரப்பான் பூச்சி. படத்தின் ஓரத்தில் இரண்டு கறுப்புப் புள்ளி.

"புள்ளி பழசுக்கு வர்றதுதான் ஐயா. பன்னி பாக்க இது போதும். வெளிச்சத்துக்கு நேரா மட்டும் காட்டிறாதீங்க, இதோட கண்ணு அவிஞ்சு போயிரும்" என்றார் ஷாஹ்மி. "இன்னொண்ணு, பஸ்ஸுல கையில வச்சுக்கிட்டு போகாதீங்க."

அதை அவர் சொல்லவே தேவையில்லை. ஆமிச் சாமானோடு பிடிபட்டால், அடையாள அட்டையில் என் தமிழ்ப் பெயரை வாசித்த பிறகு யாரும் பன்றிக் கதையை நம்பப் போவதில்லை. சந்தையில் வாங்கிய லீக்ஸ் கட்டுக்கு அடியில் புதைத்து வைத்துக்கொண்டு, வழி முழுக்க வியர்த்தபடி வீடு வந்து சேர்ந்தேன். வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. இருட்டில் எறும்பு போனாலும் தெரியும் என்று கோயிலடியில் நின்றவர்களிடம் பீற்றிக்கொண்டேன்.

இனி எங்கள் லயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருபத்திரண்டு காம்பிரா, ஒரு குடும்பத்துக்கு ஒன்று. கடைசியில் இருந்த பொதுக் கக்கூஸ் வரிசை போன கார்த்திகை மழையில் மண் சரிந்து விழுந்துவிட்டது. கட்டித் தருவதாக ஆபிசில் சொன்னார்கள். இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அன்றிலிருந்து பெண்கள் விடிவதற்கு முன், நாலரை மணிபோல, ஒன்றாகச் சேர்ந்து ஓடைப்பக்கத் தேயிலைக்குள் போய்வருவார்கள். அந்த அரை மணி நேரம் எந்த ஆணும் கதவைத் திறப்பதில்லை. விழித்திருந்தாலும் இருமுவதில்லை. டோர்ச் அடிப்பதே இல்லை. யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்த சட்டமில்லை, ஆனால் குடிகாரன்கூட அதை மீறியதில்லை. எனக்கு இன்னும் காலி செய்யாத உத்தியோக வீடு, சொந்தக் கக்கூஸ் உண்டு. அதனால் அந்த நேரம் நினைவில்லாமல் போய்விட்டது என்று சொல்லலாம். சொன்னால் பொய்.

முதல் நாள் இரவு, கிழங்குப் பாத்தி தெரிகிற மாதிரி வீட்டோரமாக ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்து பன்றிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. நாலரை மணிபோல எழுந்து போகலாம் என்றிருந்தபோது லயத்துப் பக்கம் அசைவு தெரிந்தது. குழலைத் திருப்பினேன். பெண்கள் வரிசையாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முகம் தெரியவில்லை, பச்சையாக உருவம் மட்டும். எனக்கு முகம் தேவைப்படவில்லை. காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்துக்கு வருகிறவளின் நடையைத் தூரத்திலேயே பார்த்துச் செக்ரோல் பதிவேட்டில் பெயர் போட்டவன் நான். ஒவ்வொருத்தியாகப் பெயர் தானாக மனதில் வந்தது. அவர்கள் செடிகளுக்குள் இறங்கியதும் குழலைக் கீழே வைத்தேன். பிறகு மறுபடி எடுத்தேன்.

செடி மறைத்துக்கொண்டிருந்தது. தலைகளைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. செடி செய்த நல்ல காரியத்துக்கு நான் பெருமைப்பட முடியாது.

அடுத்த நாளும் உட்கார்ந்தேன். அதற்கடுத்த நாளும். பன்றிக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், ஓய்வு பெற்ற பிறகு நான் பார்ப்பதற்காக எவரும் நிமிர்ந்து நடப்பதில்லை, நான் வருவதற்காக எவரும் பேச்சை நிறுத்துவதில்லை. அந்தக் குழலுக்குள் நான் மறுபடி கணக்கப்பிள்ளையாக இருந்தேன். இதைச் சொல்லக் கூசுகிறது. அசிங்கமான ஆசையில் பார்த்தேன் என்பதைவிட இது எந்த வகையில் மேல் என்றும் தெரியவில்லை.

மூன்றாம் நாள், வரிசையில் கடைசியாக வந்த தனலெட்சுமி ஒரு கட்டையில் இடறி விழுந்தாள். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிற மாடசாமியின் மனைவி. எழுந்து, வலது காலைத் தாங்கித் தாங்கி மற்றவர்களோடு போனாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிபோலப் பீலியடியில் அவள் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நல்ல மனதோடுதான் கேட்டேன்.

"கால் இப்ப எப்படி இருக்கு? வீங்கியிருக்கா?"

"எந்தக் காலுங்க ஐயா?"

"வலது கால்தான். தாங்கித் தாங்கி நடந்தியே."

வாளி நிரம்பி வழிந்தது. அவள் அதை நகர்த்தவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கே இன்னும் சொல்லலீங்க" என்றாள்.

 அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு லயத்தை நோக்கி நடந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்ததால் நொண்டாமல் நடந்தாள். அந்த இருபது முப்பது அடிக்கும் அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும். நான் தலையைத் திருப்பியிருக்கலாம். அதுகூட எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து என் மனைவி இராசமணி சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பொம்பளைங்க கீழ போறதில்லையாம். மேல, வெடிச்ச மலைப் பக்கம் போறாங்களாம். ஒங்களுக்கு ஏன்னு தெரியுமா?"

மேல்பக்கம் மழையில் நிலம் வெடித்து, அதிகாரிகள் வந்து கல்லுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போன இடம். பகலிலேயே ஆடு மேய்க்கக்கூட யாரும் ஏறமாட்டார்கள். மீரியபெத்தையில் மலை சரிந்து லயத்தோடு ஆட்கள் புதைந்த பிறகு, இந்தப் பக்கத்தில் மலை வெடித்தது என்று கேட்டாலே சனம் மூட்டை கட்டும். அன்று பகல் முழுக்க மழை.

"தெரியாமப் பாத்துட்டேன்" என்றேன்.

"எத்தன நாளு?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"மூணு நாளு. காலையில எந்திரிச்சு வரையில கண்ணச் சுத்திக் கறுப்பா ஒட்டியிருந்திச்சு, அந்த ரப்பரு. மூணு நாளும் நான்தான் தலாணி ஒறையக் கழுவினேன். மொத நாளு தெரியாமப் பாத்தீங்க. சரி. மத்த ரெண்டு நாளு?"

முப்பத்தொரு வருடத்தில் எத்தனை பேரைக் கேள்வி கேட்டு நிற்க வைத்திருக்கிறேன்.  சோறு ஆறிப்போனது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று இரவு மழை விடவில்லை. நாலரைக்கு மேல்பக்கம் ஏறுகிற செருப்புச் சத்தத்தைப் படுத்துக்கொண்டே கேட்டேன். மேலே ஒரு கல் உருண்டது. எழுந்து உட்கார்ந்தேன். வெளியே போய், போகாதீங்க என்று கத்த வேண்டும். எந்த முகத்தோடு கதவைத் திறப்பது? அவர்கள் இறங்கி வரும்வரை ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. அந்த வெடிப்பில் ஒருத்தி புதைந்தால், புதைத்தவன் நான்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் பண்டாரவளைக்குப் போனேன்.

"என்ன ஐயா, பன்னி வரல்லையா?" என்றார் ஷாஹ்மி.

"வரல்ல. இத நீங்களே வச்சுக்கங்க."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் குழலைப் பின்னறைக்கு எடுத்துப்போனார்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்துக்குப் போனேன். புதுக் கணக்கப்பிள்ளை நிமலன் எனக்குக் கதிரை எடுத்துப்போடப் பார்த்தான். வேண்டாம் என்றேன். கூடையோடு பெண்கள் நின்றார்கள், கவ்வாத்துக் கத்தியோடு ஆண்கள் நின்றார்கள், மாடசாமியும் நின்றான். வீட்டில் நிறையச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். வாய்க்கு வந்தது கொஞ்சம்தான்.

"இருட்டுல பாக்குற சாமான் ஒண்ணு வாங்கினேன். பொம்பளைங்க போற நேரத்துல பாத்தேன். மூணு நாள். தப்பு என் மேலதான். அதத் திருப்பிக் குடுத்துட்டேன். தயவுசெஞ்சு மேல போகாதீங்க, மலை வெடிச்சிருக்கு. பழையபடி கீழயே போங்க."

 மாடசாமி கத்தியின் பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். அவன் வந்து ஓர் அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். கடைசியில் நிமலன் பெயர் வாசிக்கத் தொடங்கினான். எல்லாரும் தேயிலை மலைக்கு வேலைக்குப் போனார்கள்.

அடுத்த நாள் விடிவதற்கு முன் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். தனலெட்சுமி. அவளுக்குப் பின்னால் லயத்துப் பெண்கள், சால்வையைத் தலையில் போர்த்திக்கொண்டு.

"ஐயா, நாங்க கீழ போறோங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நீங்க செத்த வெளிய வந்து இந்த லைட்டுக்குக் கீழ நில்லுங்க. நாங்க வர்ற வரைக்கும்."

"நான் திருப்பிக் குடுத்துட்டேன் புள்ள. சத்தியமா."

"சரிங்க ஐயா. இருந்தாலும் நில்லுங்க."

இராசமணி உள்ளேயிருந்து வந்தாள். என் சுவெட்டரை எடுத்து என் கையில் கொடுத்தாள். பிறகு அவளும் தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு, வீட்டில் கக்கூஸ் இருக்கிறவள், அவர்களோடு இறங்கிப் போனாள்.

வாசல் விளக்குக்குக் கீழே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தேயிலைக்குள் இருந்து பார்த்தால் அந்த வாசல் நன்றாகத் தெரியும்.

இன்றோடு இருபத்தாறு நாள். ஒரு நாளும் என்னைத் திட்டியதில்லை, மரியாதை குறைத்துப் பேசியதில்லை. கதவைத் தட்டுவார்கள், நான் வந்து நிற்பேன். திரும்பி ஏறி வரும்போது யாராவது ஒருத்தி, பெரும்பாலும் தனலெட்சுமி, என் முதுகுக்குப் பின்னால் ஒரு நிமிடம் நிற்பாள்.

"எல்லாரும் வந்தாச்சுங்க ஐயா. நீங்க உள்ள போகலாம்" என்பாள்.

நான் உள்ளே போவேன்.