இருபதாயிரம் எண் போட்ட ஹெட்போன்

நான் வானொலியில தற்காலிகச் செய்தி வாசிப்பாளர். அங்கேயே ஒலிப் பொறியாளர் என் வீட்டுக்காரர். வெள்ளிக்கிழமை காலைச் செய்தியைக் கேட்டுட்டு, என்னை நிரந்தரமாக்குறதா வீட்டுக்கு அனுப்புறதான்னு இயக்குநர் முடிவு பண்ணுவார். அவர் திட்ட ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார். நாங்க வச்ச பேரு பட்டாசு.

நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும். "ஏங்க, புது ஏசி வந்ததுல இருந்து ஹெட்போன்ல உம்முன்னு ஒரே இரைச்சல்"னு சொல்லித் தொலைச்சேன்.

மனுஷன் சோறு தண்ணி மறந்து டிஜிட்டல் ஃபில்டர் செய்ய உட்கார்ந்துட்டார். இரைச்சலை வெட்டி எடுக்க ஒரு நீள எண் வரிசையாம். அந்த வரிசையைச் சட்டுனு நறுக்கினா இரைச்சல் கசியுதாம். அதனால ரெண்டு ஓரத்தையும் மெல்லத் தேய்ச்சு இறக்கணும், அதுக்குப் பேரு விண்டோவாம். தேய்ச்சா வெட்டு மழுங்கி, என் குரலோட அடிப்பகுதியும் சேர்ந்து போகுதாம்.

"வரிசையை நீட்டினா மறுபடி கூர்மையாயிடும்"னார். நீட்டினார், நீட்டினார், இருபதாயிரம் எண் வரைக்கும். "உன் குரல்ல ஒரு துளி குறையக் கூடாது"ன்னார். பொய் சொல்லல, எனக்கு மனசு உருகிடுச்சு. என் பழைய பதிவை அதுல ஓட்டிக் காட்டினார். அப்படி ஒரு சுத்தம்!

வெள்ளிக்கிழமை அதை என் ஹெட்போன்ல சேர்த்துட்டார். மைக் முன்னாடி "வணக்கம்"னேன். நான் அடுத்த சொல்லுக்குப் போனப்புறம்தான் ஹெட்போன்ல என் வணக்கம் சாவகாசமா வந்து சேர்ந்துச்சு. நாக்கு குழறிடுச்சு. "அ... அமை... அமைச்ச..."ன்னு அமைச்சர் தவணையில வந்தார். கழட்டவும் வழியில்ல, அடுத்து என்னன்னு அதுலதான் சொல்வாங்க.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் தலையில அடிச்சுக்கிட்டார். பின்னாடி சொன்னார், அந்த வரிசையில பாதி தூரம் போனப்புறம்தான் சத்தம் வெளிய வருமாம். பழைய பதிவுல அந்தத் தாமதம் யாருக்குத் தெரியும்?

செய்தி முடிஞ்சு பாட்டு ஓட ஆரம்பிச்சதும் பட்டாசு உள்ள வந்தார். "என்னம்மா, தூக்க மாத்திரை போட்டுட்டு வந்தீங்களா?"

எனக்கு வந்துச்சே ஒரு கோபம்! ஹெட்போனைக் கழட்டி அவர் தலையில மாட்டினேன். "சார், இந்த மைக்ல திட்டுங்க."

"உங்... உங்களை... வே... வேலைய..." முகம் சிவந்து போச்சு. மறுபடி முட்டிப் பார்த்தார். "வேலைய வி... விட்..." என்னை வீட்டுக்கு அனுப்புற அந்த வார்த்தை அவர் வாயை விட்டு வரவே இல்லை.

ஹெட்போனைக் கழட்டி மேஜையில வச்சார். "இதைப் போட்டா எனக்கே பேச வரல, நீங்க செய்தியையே முடிச்சுட்டீங்க. வேற ஹெட்போன்ல நாளைக்கு வாசிங்க. வேலை உங்களுக்குத்தான்." கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். "ஆமா, செய்தி வாசிக்கிற பத்து நிமிஷம் ஏசியை அணைச்சு வச்சா என்ன?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஹெட்போன் மாட்டாமலே அவருக்கு வாய் குழறுச்சு.