பக்கத்துக் கூடைக்காரன்

1

இந்தக் கதை எனக்கு மிளகாய் விற்கிற இடத்தில் கிடைத்தது. சீனத்துக் குய்ஜோ மலையில், எங்கள் ஆற்றங்கரைச் சந்தையில், நான் வத்தலைக் குவித்து உட்காரும் இடத்துக்கு எதிரே லாங் தேஷுன், லாங் தேகுவான் என்ற அண்ணன் தம்பி மூங்கில் சாமான் விற்றார்கள். அடுத்தடுத்த கடை. பேச்சுவார்த்தை இல்லை. (கூடை விளிம்பை அண்ணன் பின்னும் முறையைத் தம்பி திருடிவிட்டானாம், அதுதான் சண்டை. நம்பும்படி எழுதப் பார்த்தேன், வரவில்லை. நடந்தது அதுதான்.)

2

பேச்சு இல்லை என்றேனா? வாங்க வருகிறவர்களை நடுவில் வைத்துப் பேசுவார்கள்.

"அந்தக் கோழிக்கூண்டை எடுக்காதம்மா. கோழி தும்முனா கழண்டுடும்" என்பார் தேஷுன்.

"பெரியவர் கூண்டுல கோழி தும்மவே தும்மாதும்மா. வெக்கத்துலயே செத்துடும்" என்பான் தம்பி.

சந்தையே சிரிக்கும். தேஷுனுக்கும் சிரிப்பில் உதடு துடிக்கும். சட்டென்று குனிந்து மூங்கிலைப் பிளப்பார்.

3

பனி கொட்டிய அந்தக் காலையில், விதி தன்...

வேண்டாம். பனி இல்லை, வெறும் தூறல். தேகுவான் நெஞ்சைத் தடவிக்கொண்டு எழுந்தான். நடுவில் வைத்துப் பேச அன்றைக்கு ஆள் யாருமில்லை.

"அண்ணே, கடையைக் கொஞ்சம் பாத்துக்க. மூச்சு முட்டுது. ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ட்டு வரேன்."

தேஷுன் நிமிரவில்லை. மூங்கிலைச் சீவிக்கொண்டே இருந்தார். தம்பி சற்று நின்று பார்த்துவிட்டுப் போனான்.

அவன் தலை மறைந்த பிறகு, அவன் கூண்டைக் கேட்டு ஒருத்தி வந்தாள். "என் தம்பி பின்னுனது. கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போ" என்றார் தேஷுன். என் காதில் விழுந்தது. கேட்க வேண்டியவன் கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்துவிட்டது.

4

இந்தக் கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில், தம்பி கேட்டதற்கு அண்ணன் பதில் சொல்கிறார். தம்பி அப்படியும் இறக்கிறான். மற்றதில், பிழைத்து வந்து பழையபடி வம்பிழுக்கிறான். தேஷுனிடம் படித்துக் காட்டினேன்.

"ரெண்டாவதைக் கிழிச்சுப் போடு. செத்தவன் செத்தவன்தான்" என்றார். பிறகு, "நான் பதில் சொன்னதா மட்டும் இருக்கட்டும்."

"என்ன சொன்னதா எழுத? 'சரி'ன்னு மட்டும்தான் போட்டிருக்கேன்."

"அது பத்தாது."

"அப்ப என்ன?"

கத்தி கையிலேயே நின்றது.

"தெரியலம்மா. நீதானே எழுதறவ?"

எனக்கும் தெரியவில்லை. கூடப் பிறந்தவர்கள் உள்ளவர்கள் யாராவது நிரப்புங்கள். இடம் விட்டிருக்கிறேன்:

"அண்ணே, கடையைக் கொஞ்சம் பாத்துக்க."

"                    " என்றார் தேஷுன்.