பஸ் டிரைவருக்கு ஆகாத மருந்து

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு இதழில் 'மேகக் கணிமையின் முக்கிய நன்மைகள்' என்று கட்டுரை கேட்டார்கள். "எங்கோ தொலைவில் உள்ள பெரிய கணினிகளில் நம் தகவல்களை வைத்து, வேண்டும்போது இணையம் வழியே எடுத்துக்கொள்வதே—" என்று தொடங்கினேன். எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.

என் தங்கையைப் பற்றி எழுதினால் என்ன? அவளுக்கு அண்ணன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தங்கை ஒரு டயாலிசிஸ் மையத்தில் பதிவேட்டுப் பொறுப்பாளர். பத்து நாற்காலிகள், பத்து இயந்திரங்கள். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று முறை வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். அவர்கள் விவரமெல்லாம் பின்னறையில் ஒரே ஒரு கணினியிலும் காகிதக் கோப்புகளிலும் இருந்தன. எல்லாவற்றையும் மேகத்துக்கு மாற்றலாம் என்று இவள் சொன்னபோது தலைமை மருத்துவர் சிரித்தார்.

"மேகத்துல வைக்கிறியா? மழை பெஞ்சா யாரும்மா பொறுக்குறது?"

"மூணு இடத்துல பிரதி இருக்கும் சார். இங்க என்ன ஆனாலும் அங்க பத்திரமா இருக்கும்."

(இவரை வில்லனாக்க ஆசைப்பட்டேன். மீசைகூட வைத்து முறுக்கிவிட்டேன். ஆனால் முன்பொருமுறை கணினி படுத்து, ஓராண்டுக் குறிப்புகளை இழந்தவர் அவர். பயந்த மனிதரை வில்லனாக்குவது எழுத்தாளனின் சோம்பேறித்தனம். மழித்துவிட்டேன்.)

கடைசியில், "உன் பொறுப்பு" என்றார். எட்டு மாதம், கோப்பு கோப்பாக ஏற்றினாள். யார் எதைத் திறக்கலாம் என்று ஆள் ஆளாகப் பார்த்து அனுமதி கொடுத்தாள்.

3

"அன்று வானம்—"

வேண்டாம். வானத்துக்கு இதில் வேலையில்லை. உடைந்தது குழாய்.

காலை பதினொரு மணி. பின்னறைக் கூரையில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. கணினி நனைந்து அணைந்தது, காகிதங்கள் கூழாயின. வழக்கமான நர்ஸ் விடுப்பு. புது நர்ஸ் ஊசியோடு நிற்கிறாள். நாற்காலியில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

"எனக்கு ஏதோ ஒரு மருந்து ஆகாதும்மா. பேருதான் மறந்துபோச்சு."

நர்ஸின் கை நின்றது. "அக்கா!" என்று கத்தினாள்.

தங்கை ஓடிவந்து தன் செல்போனிலேயே அவர் கோப்பைத் திறந்தாள். சிவப்பு எழுத்தில் இருந்தது: ஹெப்பரின் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க இங்கே பெரும்பாலோருக்கும் போடும் மருந்து. நர்ஸின் ஊசியில் இருந்ததும் அதுதான்.

வெளியூர்க் கூட்டத்திலிருந்த மருத்துவரை அழைத்தாள். அவர் அங்கிருந்தே அதே கோப்பைத் திறந்தார்.

"பாத்துட்டேன். ஊசிய கீழ வைக்கச் சொல்லு. அது இல்லாமலே ஓட்டலாம். ரத்தம் உறையாம இருக்க அரைமணிக்கு ஒருதரம் சலைன் விட்டு மெஷினக் கழுவணும். எழுதுறேன், பாரு."

அவர் அங்கே எழுத எழுத, இவள் கையில் தெரிந்தது.

அன்று பத்துப் பேரும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

(கட்டுரை கேட்டவர்களுக்கு: எங்கிருந்தும் திறக்கலாம், இங்கே அழிந்தாலும் அங்கே இருக்கும், ஒரே நேரத்தில் இருவர் வேலை செய்யலாம். நன்மைகள் தீர்ந்தன. மேகத்தில் ஏற்றுவதற்கு ஒரு தங்கை வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

4

மறுநாள் மருத்துவர் அவளை அறைக்குள் அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ சொன்னார். என்னவென்று என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

முடிவு ஒன்று: மன்னிப்புக் கேட்டார். முடிவு இரண்டு: "இன்னொரு கிளைக்கும் நீயே பொறுப்பு" என்றார். இரண்டையும் விரிவாக எழுதினேன். இந்த வரைவும் இணையத்தில்தான் இருக்கிறது, அவளுக்கும் திறக்க அனுமதி கொடுத்திருந்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் எழுத்தெழுத்தாக மறைந்தன. ஓரத்தில் ஒரு குறிப்பு முளைத்தது:

"அண்ணா, அது எனக்கும் அவருக்கும். நீ குழாயோட நிறுத்து."

நிறுத்த மாட்டேன். அந்த அறையிலிருந்து அவள் வெளியே வந்தபோது பத்து நாற்காலிகளும் கைதட்டின என்று புது நர்ஸ் சொன்னாள். இந்த வரியைத் தங்கை இன்னும் அழிக்கவில்லை.

கதவுக்குப் பின்னால் என்ன பேசினார்கள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பிரதியில் கைவைக்க அவளுக்கு அனுமதி இல்லை.