இரண்டு முனைக்கும் ஒரே ஆள்

எங்கள் சோப்பு கம்பெனி வளர்ந்துவிட்டது. புதுக் கட்டடம், வாசலில் புல்தரை, உள்ளே புது மெஷின். முன்பெல்லாம் கூடம் நிறையப் பெண்கள் உட்கார்ந்து சோப்பைப் பெட்டியில் அடைப்பார்கள். அடுத்த வீட்டுக் கதையெல்லாம் அங்கேதான் துவைத்துக் காயப்போடப்படும். இப்போது அந்தக் கூடத்தில் மெஷின் இருக்கிறது, நான் இருக்கிறேன். நான் சொல்லும் ஜோக்குக்கு அது சிரிப்பதில்லை. அந்தப் பெண்களும் சிரித்ததில்லை, ஆனால் திட்டவாவது செய்தார்கள்.

வேலை போனவர்களில் அக்காவும் ஒருத்தி. என்னை இங்கே சேர்த்துவிட்டு, வேலை பழக்கியதே அவள்தான். "கண்ணு எங்க வேணா போகட்டும்டா, கை பெட்டிமேலயே இருக்கணும்" என்பாள். இரண்டு சம்பளத்தை நம்பி எடுத்த வீட்டில் ஓர் அறையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. உள்ளூரில் வேலை அகப்படவில்லை. தூரத்து ஊரில், தங்கி வேலை பார்க்கிற இடத்துக்கு அவளை வரச் சொல்லியிருந்தார்கள். அவளும் போய்விட்டால் கூடத்திலும் நான் ஒண்டி, வீட்டிலும் ஒண்டி.

ஆகவே மூளையைக் கசக்கினேன். பாவம், அதற்குப் பழக்கமில்லை. மெஷினின் இரண்டு முனையிலும் பெட்டிகள் அவ்வப்போது சாயும். நிமிர்த்தாவிட்டால் விழுந்து சோப்பு உருளும். அதைக் காட்டியே இன்னொரு ஆள் கேட்கலாம்.

மேனேஜரைக் கூட்டி வந்தேன். "ஒருத்தனால ரெண்டு பக்கமும் பாக்க முடியல சார். எங்கக்கா அந்தப் பக்கம் நின்னா போதும்."

"எங்க, ஓட்டு பாப்போம்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அந்த முனையில் ஒரு பெட்டி சாய்ந்தது. விழுந்து தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அதற்குள் கால் ஓடிவிட்டது, கை நிமிர்த்திவிட்டது. திரும்பினால் இந்த முனையில் இன்னொன்று. அதையும் பாய்ந்து பிடித்தேன்.

மேனேஜர் முதுகில் தட்டினார். "பிரமாதம்யா. நீ ஒருத்தனே போதும்."

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன்.

"விழ விடறதுக்கு நான் சொல்லிக் குடுக்கலையேடா" என்று அக்கா சிரித்தாள். பிறகு பையை இழுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள், மூலைக்கு மூலை சரியாக.

பஸ்ஸில் மேல்தட்டில் அந்தப் பை சாய்ந்திருந்தது. ஏறி நிமிர்த்தி வைத்தேன்.

"இறங்குடா, வண்டிய எடுக்கப்போறாங்க. வேளைக்குச் சாப்பிடு."

இறங்கினேன். பஸ் திரும்பும்போது ஜன்னலில் பார்த்தால் பை மறுபடி சாய்ந்துகொண்டிருந்தது. என் கைகள் இரண்டும் தானாக மேலே போயின. பஸ் மறைந்த பிறகும் அப்படியே நின்றேன். பார்த்தவர்கள் டாட்டா காட்டுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.