விட்டுக்கொடுத்த ஓவர்கள்

வசந்தகுமார் பந்து வீச ஓடி வரும்போதெல்லாம் ஜெரால்டுக்கு வயிறு எரியும். ஜெரால்டும் வேகப்பந்துக்காரன்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் அதே மைதானத்தில், அதே இரும்புத் தூசியைத் தின்று வளர்ந்தவன்தான். ஆனால் ஸ்டம்பு பறப்பது என்னவோ வசந்தகுமாருக்குத்தான். மாவட்ட அணித் தேர்வுக்கு கிளப்பிலிருந்து ஒரே ஒரு வேகப்பந்துக்காரனை அனுப்புவார்கள். அது யார் என்று மைதானத்தில் மேயும் மாட்டுக்குக்கூடத் தெரியும்.

பொங்கல் மேட்ச் முடிந்து பைக்கில் ஏறும்போது வசந்தகுமார் கீழ்முதுகைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

"வளைஞ்சி போடசொல்ல இடது பக்கம் சுருக்குனு குத்துது மச்சான். மாஸ்டராண்ட சொல்லிடாத, உக்கார வச்சிடுவாரு."

"நான் இன்னாத்துக்குடா சொல்லப் போறேன்?" என்றான் ஜெரால்ட்.

சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான், உத்தமன்! அதோடு விட்டானா? பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் தணிகாசலம் பந்தை அவனிடம் நீட்டினால், "அவனுக்கே குடுங்க மாஸ்டர், சூப்பரா போட்டுக்கினு இருக்கான்" என்று வசந்தகுமார் பக்கம் தள்ளிவிட்டான். வலைப்பயிற்சியிலும் அதே கதை. இந்தக் காலத்தில் இப்படி ஒரு சிநேகிதனா என்று எல்லோரும் மெச்சினார்கள். வசந்தகுமார் யாருக்கும் தெரியாமல் முகம் சுளிக்கும்போது ஜெரால்டுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

ஏப்ரலில், தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில், பந்தை விட்ட கையோடு வசந்தகுமார் பிட்ச்சில் மண்டியிட்டான். எழ முடியவில்லை. ஜெரால்டும் வசந்தகுமாரின் அம்மா கங்கம்மாவும் அவனைத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "இதுல ஒண்ணும் தெரியல. எவ்ளோ நாளா வலிக்குது?"

"நாலு நாளாதான் சார்," என்றான் வசந்தகுமார்.

"அப்ப தசைப்பிடிப்பாத்தான் இருக்கும். வலி விட்டதும் ஆடலாம். மாசக்கணக்கா வலின்னா கதையே வேற. முதுகெலும்புல விரிசல் இருக்கலாம், ஸ்கேன் எடுக்கணும். இந்த வருஷம் பந்தையே தொடக் கூடாது. தொட்டா விரிசல் உடைப்பாயிடும்."

கங்கம்மா ஜெரால்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் ஓவரெல்லாம் இவனுக்கே உட்டுக் குடுத்தியாமே நைனா. கூடப் பொறந்தவன்கூட அப்படிச் செய்ய மாட்டான்."

ஜெரால்ட் யோசித்தான். வாயைத் திறந்தால் தேர்வுக்குப் போகும் இடம் தனக்குத்தான். இத்தனை நாள் ஏங்கியது அதற்குத்தானே? ஆனால் திறந்தால் தன் வண்டவாளமும் வெளியே வரும். திறக்காவிட்டால் அடுத்த வாரம் வசந்தகுமார் மறுபடி ஓடி வருவான், மறுபடி வளைவான். நினைக்கவே ஜெரால்டுக்குப் பயமாக இருந்தது.

"பொங்கல்லருந்து வலிக்குது டாக்டர்," என்றான்.

வசந்தகுமார் படுத்தபடியே கத்தினான். "செலக்‌ஷனுக்கு நீ போவணும்னுதானடா சொல்ற? பொறாமைடா உனக்கு!"

கங்கம்மா மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெரால்டின் கையை விட்டாள்.

"பொங்கல்லருந்தே தெரியுமா உனக்கு?" என்றாள். "தெரிஞ்சிதான் பந்தைக் குடுத்தியா?"