பங்குக் கூட்டம்

பேர்ணடெற் பங்குக் கூட்டத்தில் பேசப் போகிறாள் என்று தமையன் ரெலிபோனில் சொன்னதிலிருந்து யூஜினிக்குச் சோறு இறங்கவில்லை. பங்கு என்றால் அவளுக்குப் பாதரின் கோயிலைச் சேர்ந்த சனம், அந்தக் கோயில் பங்குதான். புலம்பெயர்ந்து வந்த மல்வேர்னில் தமிழ்ப் பூசை தொடங்கிய நாளிலிருந்து பீடத்துக்குப் பூ வைக்கிறவள் அவள், பாட்டுக்காரரை அதட்டுகிறவளும் அவள். அப்படியிருக்க, தனக்குப் பிறகு எண்பத்தாறாம் ஆண்டில்தான் வந்திறங்கிய தமையன் பெண்சாதி பேர்ணடெற்றைப் பேசச் சொல்லிப் பாதர் கேட்கிறார். வயிறு எரியாதா, பிள்ளைகளே?

"நானும் வாறன்," என்றாள், பேர்ணடெற்றை ரெலிபோனில் கூப்பிட்டு.

"வாங்கோ மச்சாள். எனக்கும் துணையாயிருக்கும்," என்றாள் பேர்ணடெற். அந்தப் பணிவும் யூஜினிக்குப் பிடிக்கவில்லை.

இருப்பதிலேயே பளிச்சென்ற சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். இரண்டு பேருமாகப் பஸ் ஏறி, சப்வே ரயில் மாறிப் போனால், நகர நடுவில் ஒரு பெரிய ஹோட்டல் வாசலில் பேர்ணடெற் நின்றாள்.

"பங்குக் கூட்டத்தை ஏன் ஹோட்டலிலை வைக்கினம்? கோயிலுக்குக் கீழை இருக்கிற பேஸ்மென்ற் காணாதோ?"

"இது கொம்பனிப் பங்கு மச்சாள். தங்கம் தேடுற கொம்பனி. ஒரு வெள்ளைக்கார மனுசி சாகேக்கை தன்ரை பங்கைக் கோயிலுக்கு எழுதிவிட்டவ. அதாலை நாங்கள் உள்ளை போய்க் கேள்வி கேக்கலாம்."

"என்ன கேள்வி?"

பேர்ணடெற் சொன்னாள். அமெரிக்காவில் ஒரு பாலைவனம். அதில் ஒரு வனவிலங்குச் சரணாலயம். மலையாடும் ஆமையும் வாழ்கிற இடம். அதன் ஓரத்தில்தான் இந்தக் கொம்பனி நிலத்தைத் துளைத்துப் பார்க்கப் போகிறது. சுற்றுவட்டாரத்தில் ஒரேயொரு சுனை. இயந்திரம் இரைந்தால் ஆடு தண்ணீருக்கு வராது, கோடையில் செத்துப்போகும்.

"பாதர் உமக்கு மட்டும் தனி வகுப்பு வைச்சவரோ?"

"லைபிறரியிலை வாசிச்சனான் மச்சாள்."

மண்டபம் நிறையக் கோட்டுப் போட்ட ஆண்கள். பேர்ணடெற் எழுந்து பேசினாள். தடக்காத ஆங்கிலம். ஒவ்வொரு வசனமும் யூஜினிக்கு முள்ளாய்க் குத்தியது. பேசி முடிந்ததும் மேடையிலிருந்த கொம்பனித் தலைவர் புன்னகையோடு கேட்டார்:

"அந்த இடத்துக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா?"

"இல்லை."

மண்டபம் சிரித்தது. யூஜினிக்கு வாயில் கற்கண்டு போட்ட மாதிரி இருந்தது. ஆனால் சிரிப்பு நிற்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பேர்ணடெற் தலையைக் குனிந்துகொண்டு கதிரையில் இருந்துவிட்டாள். யூஜினிக்குக் கற்கண்டு கசந்தது. மச்சாளைப் பார்த்துச் சிரிக்க இவன்கள் யார்? அந்த உரித்து இந்த ஊரில் தனக்கு மட்டும்தான்.

எழும்பிவிட்டாள்.

"நீங்கள் போனீங்களோ?" தெரிந்த ஆங்கிலத்தில்தான் கேட்டாள்.

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்தார். "நான் வரைபடம் பார்த்திருக்கிறேன்."

"அதிலை ஆடு நிக்குதோ?"

இப்போது சிரிப்பு மற்றப் பக்கம் திரும்பியது. பின்வரிசையில் ஒரு கிழவர் தடியை ஊன்றி எழுந்து, தானும் பங்குக்காரன்தான், பார்க்காத இடத்தை எதற்குத் துளைக்கிறீர்கள் என்றார். அவருக்குப் பின்னால் வேறு சிலரும் எழுந்தார்கள். கனநேரம் இழுபட்டபின் தலைவர் இறங்கிவந்தார்: இந்த வருடம் துளைப்பதில்லை. இயக்குநர்கள் முதலில் போய் அந்தச் சுனையைப் பார்ப்பார்கள். மிச்சம் அடுத்த வருடக் கூட்டத்தில்.

வெளியே வரும்போது எல்லோரும் பேர்ணடெற்றைச் சுற்றி நின்று கைகுலுக்கினார்கள். யூஜினியின் கை சும்மா கிடந்தது.

பஸ்ஸில் பேர்ணடெற் மெல்லச் சொன்னாள், "நீங்கள் எழும்பியிராட்டில் நான் அழுதிருப்பன் மச்சாள்."

"அழுதிருக்கலாம். இன்னும் நாலு பேர் கை தந்திருப்பினம்."

பஸ் இரண்டு தரிப்பில் நின்று புறப்பட்டது.

"அடுத்த வரியமும் கூட்டமெல்லோ?" என்றாள் யூஜினி.

"ஓம் மச்சாள். போய்ப் பாத்திட்டும் துளைக்கப்போறம் எண்டுதான் நிப்பினம்."

"அப்ப ஆட்டை நீர் வைச்சிரும். ஆமை எனக்கு. ஆமையைப் பற்றி நீர் ஒரு சொல்லுப் பேசக்கூடாது, சொல்லிப்போட்டன்."

"சரி மச்சாள்."

"உந்த லைபிறரி எங்கை கிடக்கு?"

"அடுத்த தரிப்பு."

பேர்ணடெற் கையை உயர்த்துமுன் யூஜினி எட்டி மணிக்கயிற்றை இழுத்தாள்.