யார் கையிலும் இல்லாத விமானம்

கான்சஸ் காற்றுக்கு நேரம் காலம் கிடையாது. அந்த ஏப்ரலில் அது வேறு வேலையே இல்லாதது போல வீசியது. ஹால்ஸ்டன் கல்லூரியில் விமானம் ஓட்டப் படிக்கிற பிள்ளைகள் எழுந்ததும் பல் தேய்க்கிறார்களோ இல்லையோ, ஜன்னல் வழியாகக் கொடிக்கம்பத்தைப் பார்ப்பார்கள். கொடி விறைத்து நின்றால் அன்றைக்குப் பறப்பது ரத்து. அப்புறம் வகுப்பில் போய் உட்கார்ந்து வானிலைப் பாடம் படிக்க வேண்டியதுதான். வெளியே அடிக்கிற காற்று போதாதென்று புத்தகத்திலும் காற்று.

மூன்றாம் ஆண்டு படிக்கும் லோர்னா உன்ரூவுக்கு இந்தக் காற்றின் மேல் தனிப் பகையே இருந்தது. மே மாதத்துக்குள் அவள் சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் உரிமம் வாங்கியாக வேண்டும். வாங்கிவிட்டால் கோடை முழுக்க ஓக்லஹோமாவில் வேலை. எண்ணெய்க் குழாய்களுக்கு மேலே தாழப் பறந்து, எங்கே கசிகிறது, எங்கே எவன் பள்ளம் தோண்டுகிறான் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. வாங்காவிட்டால் அப்பாவின் லாரி.

அப்பா கூலிக்கு அறுவடை செய்கிற குழு நடத்துகிறார். கோதுமை பழுக்கப் பழுக்க இயந்திரங்களோடு அதன் பின்னாலேயே தெற்கிலிருந்து மொன்டானா வரை போவார்கள். லோர்னா லாரி ஓட்டக் கற்றதிலிருந்து ஒரு கோடையும் அவளுடையதாக இருந்ததில்லை. லாரி பிடிக்காது என்றில்லை. வயலோரம் வண்டியை நிறுத்திவிட்டு, தலைக்கு மேல் போகிற விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பது இருக்கிறதே, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அறைத்தோழி இட்செல் ஓர்தேகா கார்டன் சிட்டிக்காரி. அப்பா அம்மா இரண்டு பேருக்கும் இறைச்சி ஆலையில் வேலை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள்தான். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கேட்டால் இல்லையென்று சொல்லத் தெரியாத பிறவி. கோடையில் இங்கேயே தங்கிப் பயிற்சியாளர் ஆவதற்கான வகுப்பில் இடம் வாங்கி வைத்திருந்தாள். அந்த வகுப்பில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு.

ஒரு திங்கட்கிழமை மதியம் காற்று கொஞ்சம் கண்ணயர்ந்தது. விட்டால் கிடைக்காது என்று இருவரும் ஒரு குட்டி விமானத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி அது. ஓட்டுகிறவள் நெற்றியில் ஒரு மறைப்பை மாட்டிக்கொள்வாள், வெளியே எதுவும் தெரியாது. பக்கத்தில் இருப்பவள் அவளுக்கும் சேர்த்து வெளியே பார்க்க வேண்டும். லோர்னா மறைப்பை மாட்டிக்கொண்டாள்.

விமானத்தை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றும்போது மூன்று முறை சொல்ல வேண்டும் என்பது முதல் நாளே சொல்லித் தருகிற சட்டம். "விமானம் உன் கையில்." "என் கையில்." "உன் கையில்தான்." முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பாவைத் தள்ளும்போதுகூட இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். மூன்றாம் ஆண்டு வந்த பிறகு, அதுவும் ஒரே அறையில் குப்பை கொட்டுகிறவர்களுக்குள், அந்தச் சம்பிரதாயமெல்லாம் யாருக்கு வேண்டும்?

ஒரு மணி நேரம் போல ஓட்டியதும் லோர்னாவுக்குக் கண் எரிந்தது. மறைப்பைக் கழற்றி மடியில் போட்டாள்.

"கொஞ்சம் பாத்துக்கடி."

"பாத்துக்கறேன், பாத்துக்கறேன்," என்றாள் இட்செல்.

லோர்னா சாவகாசமாகத் தண்ணீர் பாட்டிலைத் தேடி எடுத்தாள். கீழே கோதுமை பச்சைப் பசேலென்று கட்டம் கட்டமாகக் கிடந்தது. வெகுநாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

"ஓக்லஹோமா போனா என்னையெல்லாம் மறந்துடுவ," என்றாள் இட்செல், வெளியே பார்த்தபடியே.

"மறக்கிற மூஞ்சியா உன் மூஞ்சி?"

"நல்ல வேலைதான்டி. குழாயப் பாத்துக்கிட்டே போறதுக்குச் சம்பளம். நம்ம சமையலறைக் குழாய் வருஷம் பூரா சொட்டுது, நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். எவனாவது பத்துப் பைசா குடுத்தானா?"

லோர்னாவுக்குத் தண்ணீர் புரையேறியது. சிரித்து ஓய்ந்து சாய்ந்து உட்கார்ந்தாள். இவள் எவ்வளவு நன்றாக ஓட்டுகிறாள் என்று அவளுக்குள் ஓடியது. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு ஆட்டம் இல்லை. நமக்கு ஏன் இந்தப் பதம் வர மாட்டேன் என்கிறது என்று லேசாகப் பொறாமைகூட வந்தது.

"உண்மையைச் சொல்றேன்," என்றாள் இட்செல். "இன்னிக்குத்தான் நீ உருப்படியா ஓட்டுற."

"நானா? நீதானே ஓட்டுற?"

இட்செல் திரும்பினாள். அவளுடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன. லோர்னாவின் ஒரு கையில் பாட்டில், இன்னொரு கையில் அதன் மூடி.

அந்த நேரம் பார்த்து வலது பக்கம், இறக்கைக்குச் சற்றுக் கீழே, இன்னொரு விமானம் கடந்து போனது. அவர்கள் கல்லூரி விமானம்தான். வாலில் எழுதியிருந்த எண்ணை லோர்னாவால் எழுத்துக்கூட்டாமலே படிக்க முடிந்தது. பாட்டிலைப் போட்டுவிட்டுப் பிடியைப் பற்றினாள். முள்ளைப் பார்த்தால், இருக்க வேண்டிய உயரத்தைவிட வெகுவாக இறங்கியிருந்தார்கள். திசையும் எங்கோ திரும்பியிருந்தது. நன்றாகச் சமன் செய்து வைத்த விமானம் யார் தயவும் இல்லாமல் கொஞ்ச தூரம் தானே போகும். போகிற போக்கில் மெல்ல ஒரு பக்கம் சாயும், மெல்ல இறங்கும். உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றுமே தெரியாது.

மற்ற விமானத்தில் இருந்தவர்கள் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. அது பாட்டுக்குத் தன் வழியில் போயிற்று.

இறங்கி, விமானத்தைக் கட்டி நிறுத்தினார்கள். கயிற்றை இறுக்கிக்கொண்டே லோர்னாதான் ஆரம்பித்தாள்.

"ஹாஸ்கல் மேடத்துகிட்ட சொல்லணும்."

"சொன்னா?"

சொன்னால் என்ன ஆகும் என்று இருவருக்குமே தெரியும். தலைமைப் பயிற்சியாளர் ஹாஸ்கல் தண்டிக்க மாட்டார், திட்டக்கூட மாட்டார். ஆனால் பயிற்சியாளரோடு மறுபடி ஒரு முறை பறந்து காட்டும்வரை இருவரும் தரையில்தான். காற்றால் தள்ளிப்போன பறப்புகளே மலைபோலக் குவிந்து கிடக்கின்றன, இவர்கள் முறை எப்போது வருமோ. லோர்னாவுக்கு உரிமச் சோதனை அந்த வியாழக்கிழமை. தவறவிட்டால் சோதனை அதிகாரி இந்தப் பக்கம் திரும்புவது ஜூலையில்தான்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல, யாரும் பாக்கவும் இல்ல. வாயை மூடிக்கிட்டு வியாழக்கிழமை போய் ஓட்டிக் காட்டு, உரிமத்த வாங்கு. நான் இருக்கேன்ல," என்றாள் இட்செல்.

லோர்னா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சரியென்று அர்த்தமாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் பேசாமல் இருந்தாள்.

மறுநாள் உணவுக்கூடத்தில் பீன்ஸும் கறியும் போட்ட காரச் சாறும் பட்டைத்தூள் தூவிய இனிப்பு ரொட்டியும். அது இருக்கிற நாளில் வரிசை வாசல்வரை நிற்கும். லோர்னாவுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. பக்கத்து மேஜையில் முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி ரொட்டியைச் சாற்றில் முக்கிக்கொண்டே, திங்கட்கிழமை தான் பயிற்சியாளரோடு பறந்த கதையை அளந்துகொண்டிருந்தாள். எந்த விமானம் என்று தோழி கேட்க, வால் எண்ணைச் சொன்னாள். அன்று இறக்கைக்குக் கீழே லோர்னா படித்த அதே எண். கன்னத்தில் சாறு ஒட்டியிருந்ததுகூடத் தெரியாமல், அன்றைக்கு வானம் எவ்வளவு அழகாக இருந்தது என்று சொன்னாள். லோர்னா தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போய் வைத்துவிட்டாள். அதற்கு அடுத்த நாளும் அவள் தட்டு நிறைந்தேதான் திரும்பிப் போனது. இட்செல் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

வியாழக்கிழமை காலை கொடி துவண்டு தொங்கியது. சோதனை அதிகாரி வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். லோர்னா வரைபடத்தை மடித்துக்கொண்டிருக்கும்போது ஹாஸ்கல் கூப்பிட்டனுப்பினார். ஒல்லியான மனுஷி, கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும்.

"கதவைச் சாத்திட்டு உக்காரு. இட்செல் காலையிலேயே வந்தா. திங்கட்கிழமை விமானம் அவ கையில இருந்துச்சாம். பரீட்சைக்குப் படிக்கிற நெனப்புல கவனிக்காம விட்டுட்டாளாம். நீ அப்ப தண்ணி குடிச்சிட்டு இருந்தியாம், உன்மேல தப்பே இல்லையாம். சரிதானா?"

லோர்னா கையிலிருந்த வரைபடத்தை இன்னும் ஒரு மடிப்பு மடித்தாள்.

"சரின்னு சொன்னா நீ போய் உன் சோதனையைப் பாரு. அவரை ரொம்ப நேரம் காக்க வைக்க வேணாம்."

முதலில் வந்தது நிம்மதிதான். மறைப்பானேன், தோளிலிருந்து மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போலவே இருந்தது. ஓக்லஹோமா, குழாய்கள், தனக்கே தனக்கென்று ஒரு கோடை, எல்லாம் ஒரு தலையாட்டலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆட்டவும் போனாள். அப்போது அந்த முதலாம் ஆண்டுப் பெண்ணின் கன்னம் நினைவுக்கு வந்தது.

"இல்ல மேடம். அவ கையில இல்ல."

"அப்ப உன் கையிலயா?"

"என் கையிலயும் இல்ல. யாருமே ஓட்டல. நான் பாத்துக்கோன்னு சொன்னேன். அவ பாத்துக்கறேன்னா. நான் ஓட்டச் சொன்னேன், அவ வெளியே பாக்கறதைச் சொல்லியிருக்கா."

ஹாஸ்கல் பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவி மேஜைமேல் வைத்தார்.

"எவ்வளவு நேரம் அப்படிப் போச்சு?"

"தெரியல மேடம். ரொம்ப நல்லா போயிட்டிருந்துச்சு. அதனாலதான் தெரியல."

ஹாஸ்கல் பென்சிலை மறுபடி எடுத்து, அன்றைய பட்டியலில் லோர்னாவின் பெயரை அடித்தார். சோதனை ரத்து. இருவரும் பறக்கக் கூடாது. அதெல்லாம் லோர்னா எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது ஒன்று இருந்தது. "தப்பு பண்ணினதுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா என் முன்னால உக்காந்து கதை கட்டினவளை, நாளைக்குப் பத்துப் பேருக்குச் சொல்லிக்குடுன்னு கோடை வகுப்புல எப்படிச் சேர்க்கிறது? யோசிக்கணும்," என்றார்.

தாழ்வாரத்தில் இட்செல் காத்துக்கொண்டிருந்தாள். லோர்னாவின் முகத்தைப் பார்த்ததுமே பாதி புரிந்துவிட்டது. கோடை வகுப்பைப் பற்றி ஹாஸ்கல் சொன்னது உட்பட மீதியை லோர்னா சொன்னாள்.

"ஒரு தலையாட்டல்டி. அதுக்குக்கூடவா உனக்குத் தலை இல்ல?"

"நீ சொன்னது பொய் இட்செல்."

"யாருக்காகச் சொன்னேன்? மூணு நாளா பட்டினி கெடந்தியே, அதைப் பாத்துட்டுச் சொன்னேன். எனக்குத் தரையில ஒரு வாரம் போயிருக்கும், உனக்கு வேலை நின்னிருக்கும். இப்ப பாரு, உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. ரொம்ப நல்ல பொண்ணு நீ. போ."

குழாய்க் கம்பெனிக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். அடுத்த வருஷம் கூப்பிடும்மா என்றார். அந்தக் குரலிலேயே அடுத்த வருஷம் இல்லை என்று இருந்தது. அதன் பிறகு லோர்னா விமானக்கூடத்துக்குப் பின்னால் போய் நின்று அப்பாவைக் கூப்பிட்டாள். பின்னணியில் இரும்பை இரும்பால் தட்டும் சத்தம். அறுவடைக்கு இயந்திரங்களைத் தயார் செய்கிறார்.

"அப்பா, சோதனை நடக்கல. நான் லாரிக்கு வரேன்."

"காத்தா?"

காற்று என்று சொல்லியிருக்கலாம். கான்சஸில் காற்றின் மேல் எந்தப் பழியைப் போட்டாலும் நம்பாதவர் கிடையாது. அப்பா இரண்டு திட்டுத் திட்டிவிட்டு விட்டுவிடுவார்.

"இல்லப்பா. இன்னிக்குக் காத்தே இல்ல. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னாள். தட்டும் சத்தம் நடுவிலேயே நின்றுவிட்டது. சொல்லி முடித்ததும் அவர் திட்டுவாரோ தேற்றுவாரோ என்று காத்திருந்தாள். இரண்டும் இல்லை.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?"

"எந்தப் பொண்ணு?"

"உனக்காகப் போய்ப் பொய் சொல்லி மாட்டிக்கிட்டாளே, அவ."

உண்மை சொன்ன பெருமையும் வேலை போன துக்கமும் சேர்ந்து லோர்னாவை ஆட்டி வைத்திருந்தன. இட்செலை எட்டிப் பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

மதியம் வானிலைப் பரீட்சை. அறைக்கு வெளியே தரையில் சுவரோடு சாய்ந்து இட்செல் உட்கார்ந்திருந்தாள். லோர்னா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நான் உன்கூடப் பேசல."

"தெரியும். நீ செஞ்சதுக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லல."

"இப்பவும் சொல்லல."

"நன்றிடி," என்றாள் லோர்னா. "உன் வகுப்பும் போயிடும் போல."

இட்செல் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பேனாவும் கையுமாகப் பிள்ளைகள் அவர்கள் காலைத் தாண்டித் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். வகுப்பைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறாள், நாலு வார்த்தை கேட்கப் போகிறாள் என்று லோர்னா நினைத்தாள்.

"எனக்குப் பயமா இருந்துச்சுடி," என்றாள் இட்செல். "அன்னிக்கு அந்த வால் அவ்வளவு கிட்டத்துல தெரிஞ்சப்ப. செத்துட்டோம்னு நெனச்சேன். அதை யார்கிட்டயாவது சொல்லணும்னுதான் காலையில ஹாஸ்கல் மேடம் ரூமுக்கே போனேன். அங்க போனா வாயில வேற கதை வருது."

திங்கட்கிழமையிலிருந்து அவர்கள் சட்டம் பேசினார்கள், சோதனை பேசினார்கள், கோடை பேசினார்கள். இந்த ஒன்றை மட்டும் இருவரும் பேசவே இல்லை.

"எனக்கும் பயமா இருந்துச்சு," என்றாள் லோர்னா. "இப்பவும் இருக்கு."

அவ்வளவுதான். உள்ளே வினாத்தாளைக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். இருவரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்கள்.